சுவருக்கு ஒரு தலைவர்

இங்கிலாந்து மன்னர் படத்தைக் கழற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம் எஞ்சியது. ஆஸ்திரேலியாவின் மெரிங்கா ஊரில், புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பில் எல்லோரும் கையில் பியரோடு அதையே பார்த்தார்கள். மன்னர் இருந்தவரை யாரும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

"முன்பல்லு விழுந்த மாதிரி இருக்கு," என்றார் ராஸ். அவர் மன்னர் பக்கம்.

கிளப் தலைவி டெல்மா அந்தக் கட்டத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறப்பால் பதவிக்கு வந்த ஒருவர் நமக்கு எதற்கு என்று பல வருடம் சண்டை போட்டு, இன்றுதான் படத்தை இறக்கும் தீர்மானத்தை ஜெயித்திருந்தாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அங்கே குடியரசுக்கேற்ற படம் ஒன்று தொங்காவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன் என்று வாயையும் விட்டிருந்தாள்.

"பிரதமர் படத்தை மாட்டலாம்," என்றாள்.

பாதிப் பேர் கோட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"அட, உக்காருங்கப்பா. ஒரு கிரிக்கெட் வீரர்?"

எந்த வீரர் என்பதில் இரண்டு மைத்துனர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கங்காரு?"

"போன வாரம் என் காரை நசுக்கினதே அவன்தான்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

டெல்மா மேஜையைத் தட்டினாள். "நம்மள்லயே ஒருத்தர் சுவர்ல இருக்கட்டும். ஓட்டுப் போடுங்க. எப்பவும் போல, பிடிச்ச வரிசைப்படி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடணும்."

பியர் ஊற்றும் டக் சீட்டுகளை எண்ணினான். ஆளாளுக்குத் தன் பெயருக்கே ஒன்றாம் நம்பர் போட்டிருந்தார்கள். இரண்டாமிடத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. அது மொத்தமும் நெவிலுக்கு.

நெவில் மூலையில் மணி அடிக்கும் முன்பே ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தார். எப்போதாவது தூரத்துப் பண்ணையிலிருந்து வருவார், கையசைப்பார், போய்விடுவார்.

"நீங்களுமா இவருக்குப் போட்டீங்க?" என்று ராஸைக் கேட்டாள் டெல்மா.

"பேசமாட்டார். எதுலயும் தலையிடமாட்டார். ரொம்பத் தூரத்துல இருக்கார். வேற என்னம்மா வேணும்?"

மக்கள் தேர்ந்தெடுத்த முகம். டெல்மாவுக்குக் கண் கலங்கியது. கைப்பேசியில் படமெடுத்து, அலுவலக அறையில் அச்சடித்து, மணி அடிக்க அடிக்க மாட்டினாள். ராஸ்கூடக் கை தட்டினார்.

நெவில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார். "எனக்கப்புறம் என் மூத்த பையன்தானே?"