தேனீப் பெட்டிகளை விசாரிக்கப் போன அத்தான்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமென்றே நம்புகிறேன்.

உன் அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டாய். மன்னித்துவிடம்மா, என்னால் ஆகாது. ரயில் நிலைய அறிவிப்பாளனாகவே காலத்தை ஓட்டியவன் நான்; தாமதத்துக்கு வருந்துவதைத் தவிர ஒலிபெருக்கியில் வேறெதற்கும் வருந்திப் பழக்கமில்லை. உன் அம்மாவோ, "வர்றவங்க எல்லாரும் அவரை மகான் ஆக்கிடுவாங்க, என்னால கேக்க முடியாது, நான் வரல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். மகானா அவர்? கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தவர், பேச்சின் நடுவே எழுந்து போய் எங்கள் ஃப்ரிட்ஜில் காதை வைத்து, "இதுக்கு மூச்சு வாங்குதுங்க" என்றார். கப்பல்களில் குளிர்பதன அறைகளைப் பழுதுபார்ப்பவர், சும்மா இருப்பாரா? உன் அம்மா வந்து பார்த்தபோது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்தான் மாப்பிள்ளை. துறைமுகம் துறைமுகமாகப் போய்விட்டு வருவார். காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலறையில் உட்கார்ந்து, ஆளை ஆள் பார்க்க முடியாத மூடுபனியில் படகுக்காரர்கள் பாட்டாலேயே வழிகேட்டுக்கொள்ளும் கரையைப் பற்றிச் சொல்வார். கேட்கக் கேட்க நம் வீட்டுச் சுவர்கள் மெல்ல நகர்ந்து தள்ளிப்போவது போலிருக்கும். அடுப்பில் ஏதோ தீய்ந்தால்தான் நாங்கள் கரை திரும்புவோம்.

அந்த ரயில் பயணம் உனக்கு நினைவிருக்காது, அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். விடியும் நேரம். நான் கண்விழித்தால், பெயர் தெரியாத நிலையத்தில், வெள்ளைத் தேனீப் பெட்டிகளின் குவியல் முன்னால் உன் அப்பா குந்தி உட்கார்ந்திருக்கிறார், ரயிலோ நகர்ந்துகொண்டிருக்கிறது! "அத்தான், ஏறுங்க!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார், வழியனுப்ப வந்தவர் மாதிரி. ஊருக்கெல்லாம் ரயில் நேரம் சொன்ன எனக்குச் சொந்த அத்தானை ஏற்றத் துப்பில்லை. மறுநாள் தேனீ வளர்ப்பவர்களின் லாரியிலிருந்து, கன்னமெல்லாம் வீங்கி, ஆனந்தமாக இறங்கினார். "மாப்ளே, குளிர்ல அதுங்க தூங்கறதில்ல. ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு நடுங்குதுங்க. அந்த நடுக்கத்துலதான் கூடே சூடாகுது!" உன் அம்மா வீங்கிய கன்னத்துக்கு ஈரத்துணி வைத்தாள், ஆனால் நாள்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருத்துவமனையிலும் அப்படித்தான். இவர் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று ஒரு நர்ஸ் வீட்டில் படித்துவிட்டு வருவாள். கடைசி நாள் என்னிடம், "இந்த ஜன்னல் எந்தத் திசை பாக்குது?" என்றார். "தெரியல அத்தான்" என்றேன். "போய்ப் பாத்துட்டு வாயேன்." இறங்கி, கட்டிடத்தைச் சுற்றி, சூரியனைப் பார்த்து, மூச்சிரைக்க ஏறிவந்து "மேற்கு" என்றேன். கேட்க அவர் இல்லை. இன்னும் அந்த ஒரு சொல் என் வாயிலேயே நிற்கிறது. இதோடு நான் எங்கே மேடையேறுவது? வேறு ஆளைப் பார்.

நீங்கள் போகும் இடமெல்லாம் நல்ல மனிதர்களே எதிர்ப்படட்டும்.

அன்புடன்,
உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உறையில் போடுமுன் உன் அம்மா பிடுங்கிப் படித்தாள். "அவரா இறங்கினார்? அந்தத் தேனீப் பெட்டியெல்லாம் ஏன் கம்முனு இருக்கு, கேட்டுட்டு வாங்கன்னு தூங்கினவரை எழுப்பி அனுப்பினதே நான்தான்டா!" என்கிறாள். "அப்புறம் எதுக்குக்கா அவர்கிட்ட பேசாம இருந்தே?" என்றேன். "என்னைக் கூட்டிட்டுப் போகாம லாரியில ஏறிட்டாரே!" என்றாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். கூட்டத்தில் அவளே பேசப்போகிறாளாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "கேக்க ஆள் இருக்கிற வரைக்கும்" என்றாள். வருகிறவர்கள் நெடுநேரம் உட்கார நல்ல நாற்காலியாகச் சொல்லிவை.