இரவல் மூக்கு

புளிக்கப் போட்டிருந்த தேயிலையின் மேல் குனிந்து அழகையா இழுத்து முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. மூக்கு அடைத்து மூன்று மாதம்.

இலை புளித்தது போதுமா என்று வாசம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டீமேக்கர். முகர முடியாத டீமேக்கரைத் தோட்டத்துத் துரை ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார். விஷயம் வெளியே போய்விடும் என்று அழகையா டிஸ்பென்சரிப் பக்கமே தலைகாட்டவில்லை. தரை கூட்டும் வீரம்மாவைக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

அவள் சன்னல் பக்கம் தலையைச் சாய்த்துச் சற்று நின்றாள். "இன்னும் கொஞ்சம் போகட்டுங்கய்யா."

கால் மணி கழித்து, "இப்ப எடுங்க."

"எடுங்கடா!" என்று அழகையா ஆட்களை அதட்டினார்.

கொழும்பு ஏலத்தில் தேயிலைக்கு நல்ல பெயர். துரை அவர் மூக்கை மெச்சினார். அந்த மூக்கோ ஆவி பிடித்து வெந்து போயிருந்தது. பொடி போட்டார், தும்மித் தும்மி நெற்றி தெறித்தது. யூகலிப்டஸ் தைலம் தடவினார். வாசம் தெரியாததால் அரைப் புட்டி தடவினார்.

மறுவாரம் துரை பங்களாவிலிருந்து கடிதம். தேயிலையில் மருந்து வாடை. டீமேக்கர் முகர்ந்து கண்டுபிடிக்கவும்.

அழகையா பெட்டிகளை மாற்றினார். தரையைக் கழுவவைத்தார். எஞ்சின் எண்ணெய்தான் காரணம் என்று எஞ்சின்கார மாயாண்டியோடு சண்டை போட்டார்.

"நீங்க லீவு போட்ட அன்னிக்கு இந்த வாடையே இல்லீங்களே," என்றான் மாயாண்டி.

"அப்ப நான் இருக்கறப்பத்தான் எவனோ வேணும்னு செய்றான்!"

மூக்கு திறந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம். தைலத்தை இரட்டிப்பாக்கினார். இரண்டே நாளில் காய்ச்சல். இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் டிஸ்பென்சரிக்குப் போனார்.

டிஸ்பென்சர் கணேசமூர்த்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "துரை தேடுற வாடை இங்கதான் உக்காந்திருக்கு."

"அவருகிட்ட சொல்லிராதீங்க. வேலை போயிரும்."

"கண்ணு போயிரும்யா முதல்ல! பத்து நாள்ல அடைப்பு தீரலைன்னாலே வந்திருக்கணும். இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

வெளிப் பெஞ்சில் வீரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்," என்றார் அழகையா. "உன் மூக்குலதான் என் சோறு இருக்கு. ஆமா, நீ எதுக்கு வந்தே?"

"எனக்கு ரெண்டு வருசமா ஒரு வாடையும் தெரியாதுங்கய்யா. வட்டகொடை ஸ்டேசன்ல ரயில் கூவுனா, 'எடுங்க'ன்னு சொல்லுவேன்."