நசுங்காத எலுமிச்சம்பழம்

செமோர், மலேசியா.

ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகுகளுக்குப் பூசை போட்டு வாழும் என் மச்சான் தர்மா அவர்களுக்கு, அக்காள் புருஷன் பிச்சைமுத்து சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே முழங்கால் நீங்கலாக நான் சுகம். அங்கே நீயும் உன் பல்செட்டும் சுகமாக இருக்க முனியாண்டி துணை. போனில் சொல்லியிருக்கலாம். உனக்குக் காது கேட்காது, எனக்குக் கத்த மூச்சில்லை, ஊர் கேட்கக் கத்துகிற விஷயமும் இல்லை. எழுதுவது என் மகள் புஷ்பலதா. கடிதம் அவள் புருஷனைப் பற்றியது என்பதால் இப்போதே பேனாவை முறைக்கிறாள்.

மச்சான், நம் பழைய தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி ஃபேக்டரி கட்டினார்களே, கேட் பக்கத்து முனியாண்டியை மட்டும் தொடப் பயந்து விட்டுவைத்தார்களே, அங்கேதான் மாப்பிள்ளை தனேஸ்வரன் சாமான் ஏற்றி அனுப்புகிற பகுதிக்கு மேனேஜர். எனக்கும் அங்கே ஒரு வேலை. துறைமுகத்துக்குப் போகிற ஒவ்வொரு லோரிக்கும் சூடம் காட்டி, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பேன். பழம் நசுங்கினால் திருஷ்டி கழிந்தது, லோரி போகலாம். முன்பு பழம் வைக்காமல் போன ஒரு லோரி மலை வளைவில் கவிழ்ந்ததிலிருந்து எந்த டிரைவரும் பழம் இல்லாமல் சாவியைத் தொடுவதில்லை. என்ன சாமான் என்று கேட்டதற்கு, குழாயில் பூட்டுகிற பித்தளைச் சாமான் என்றார் மாப்பிள்ளை. பெட்டியின் மேலே ஏதோ எழுதித்தான் இருந்தது. எனக்கு அது எறும்பு போன தடம்.

தீபாவளி கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில், முதல் லோரிக்குப் பழம் வைத்தேன். லோரி ஏறியது, குலுங்கியது, இறங்கிப் போய்விட்டது. பழம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஒரு கீறல் இல்லை. பிளாஸ்டிக்கோ என்று கடித்தேன், பல் கூசியது. அடுத்த லோரிக்கு வேறு பழம் வைத்தேன், அதுவும் அப்படியே. மலிவுச் சுருட்டு வைத்ததில் முனியாண்டிக்குக் கோபமோ என்று பழையபடி நல்ல சுருட்டையே வாங்கிப் பற்றவைத்தேன். சந்தைப் பழம்தான் கோளாறோ என்று பக்கத்து வீட்டுக் கலாதேவியின் மரத்தில் அவள் பார்க்காத நேரத்தில் பறித்தேன், அவள் பார்த்துவிட்டாள், அந்தச் சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழமும் நசுங்கவில்லை. அதே மரத்துப் பழம் இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து புஷ்பாவின் மைவி காருக்கு அடியில் வைத்தேன். மச்சான், சளக்கென்று சாறு என் வேட்டியெல்லாம் தெறித்தது. அப்படியென்றால் பழத்தின் மேல் குற்றமில்லை.

மறுநாள் லோரி ஏறியும் நசுங்காத ஒன்றை எடுத்து அரிவாளால் இரண்டாக வெட்டினேன். உள்ளே சுளை இல்லை, விதை இல்லை, ஒரு சொட்டுச் சாறு இல்லை. வெள்ளைத் தூள் கொட்டியது, சிமெண்டுச் சுவரை இடித்தால் பறக்குமே அந்தத் தூள். கையைக் கழுவினேன், போகவில்லை. படையல் சோற்றைக் காகம் பார்த்துவிட்டு நடந்தே போனது, பறக்கக்கூட இல்லை. சாயங்காலம் டிவியில் எங்கேயோ சண்டை நடக்கிற ஊரைக் காட்டினார்கள். இடிந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் முடியில், இமையில் எல்லாம் அதே தூள். நான் என் கையைப் பார்த்தேன். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"தனேசு, அது என்னா சாமான்?"

"சின்னச் சாமான் மாமா, சுண்டு விரல் அளவுதான். அது தனியா வெடிக்காது லா."

"எதோட சேந்தா வெடிக்கும்?"

"அது வாங்குறவன் பாடு. நாம விக்கிற நாட்டுல சண்டையே இல்ல. பேப்பர் எல்லாம் சுத்தமா இருக்கு."

"சண்டை இல்லாதவனுக்கு எதுக்குய்யா?"

"அவன் இன்னொருத்தனுக்குக் குடுப்பான்."

"அந்த இன்னொருத்தன் ஊர்ல?"

"மாமா, டிவிய அணைங்க. நாம குடுக்கலன்னா வேற ஒருத்தன் குடுப்பான். அவன் பொழப்பான், நாம உக்காந்து ஈ ஓட்டணும்."

"சரி, நான் இனிமே பழம் வைக்கல. அப்ப?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை மச்சான். "ஹுத்தான் மெலிந்தாங் மாமாவக் கூட்டியாந்துருவோம்" என்றார்.

(இதை எழுத மாட்டேன் என்கிறாள் புஷ்பா. உன் புருஷன் சொன்னதுதானே, எழுது லா என்றேன். எழுதுகிறாள்.)

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. கொரியாவில் சண்டை நடந்தபோது நான் அப்பாவோடு ரப்பர் பால் வாளி தூக்கின பையன். ரப்பர் விலை ஏறி துரை சிரித்தார், துரை சிரித்ததால் கங்காணி சிரித்தார், எங்கள் லயத்தில் வாரா வாரம் ஆட்டுக்கறி வெந்தது. சண்டை நிற்கப்போகிறதாம் என்று ரேடியோவில் சொன்ன அன்று, நிற்கக்கூடாது தாயே என்று பெண்கள் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார்கள். கொரியா எந்தத் திசை என்று ஒருத்திக்கும் தெரியாது. எல்லாரும் நல்லவர்கள் மச்சான். உன் அம்மாவும் அங்கே நின்றார், நீ இடுப்பில் இருந்தாய்.

நான் நிறுத்திவிட்டேன். ஒரு வாரமாக முன் கேட்டில் லோரிகள் அப்படியே நிற்கின்றன. டிரைவர்கள் மரத்தடியில் தே தாரே டீ குடித்துக்கொண்டு தாயம் ஆடுகிறார்கள். நசுங்காத பழங்களை முனியாண்டி காலடியில் வரிசையாக வைத்திருக்கிறேன். அழுகவில்லை, சுருங்கவில்லை, மத்தியான வெயிலில் கிட்டே போனால் குளிருகிறது. நேற்று ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தேன். தொலைவில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். நம் பாஷையில் தட்டவில்லை, ஆனால் தட்டுவது விளங்குகிறது.

முதல் நாள் புஷ்பா அழுதாள். அவருக்கு வேலை போனால் வீட்டுக்கடனை முனியாண்டியா கட்டுவார் என்று கேட்டாள். மாப்பிள்ளை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், நேற்று கோழி வாங்கி வந்து தொடைக்கறியை எனக்கு வைத்தார். அதுதான் மச்சான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைக் கூப்பிட ஆள் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

வருவார்கள். ஏசி போட்ட கார் வரும், பட்டு வேட்டி வரும், ஒரு பழம்தானே ஐயா என்பார்கள். போகாதே. இந்தப் பக்கம் முனியாண்டி மந்திரம் தெரிந்த கிழவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் மறுத்து நீ போனால் நான் மறுத்ததில் ஒன்றும் இல்லை. நீயும் மறுத்தால் அந்த லோரிகள் துருப்பிடிக்கும். சண்டை நின்றுவிடும் என்று சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. எங்கேயோ ஒரு வீட்டின் கூரை ஒரு நாள் கூடுதலாக நிற்கும். அதற்குள் அந்த வீட்டில் ஒருத்தி உலை வைத்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துவிடுவாள். எனக்கு அது போதும். உன் அக்காள் நவமணி இருந்தால் இதையே சொல்லியிருப்பாள், இன்னும் சத்தமாக.

உன் மக்களுக்கும் மருமக்களுக்கும் என் ஆசி. உன் பேத்தி ஷர்மினிக்குச் சீக்கிரம் நல்ல இடம் அமையட்டும். நீ பூசை போட்ட படகெல்லாம் கரை திரும்பட்டும். கடலில் நிற்கிற எவன் படகும் கரை திரும்பட்டும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து
(கைநாட்டு)

பி.கு.: மாமா, இது நான் புஷ்பா, என் பங்குக்கு எழுதுகிறேன். அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டேன். ஆனால் உங்களைக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள். அப்பா மறுத்த நாலாம் நாளே ஃபேக்டரிக்குப் பின்னால், செம்மண் ரோட்டில், புதிதாக ஒரு கேட் திறந்துவிட்டார்கள். புது டிரைவர்கள் பழம் கேட்பதில்லை. சாமான் முன்னைவிட வேகமாகப் போகிறது. முன் கேட்டில் நிற்கிற லோரிகள் காலி. கிழவர் சத்தம் போட்டுப் பத்திரிகைக்காரன் யாராவது வந்துவிடப் போகிறான், நாலு பழைய லோரிதானே, நின்றுவிட்டுப் போகட்டும் என்று பாஸ் சொன்னாராம். தாயம் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. அப்பா தினமும் போய் லோரிகளைச் சுற்றி வந்து, சிரித்த முகமாகத் திரும்புகிறார். இந்த வாரம்தான் நன்றாகத் தூங்குகிறார். நீங்கள் எப்போதாவது வந்தால் தயவுசெய்து லோரியைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

இனி முழுவதையும் படித்துக் காட்டச் சொல்வார். எழுத்துத் தெரியாதே தவிர கண் கூர்மை. கைநாட்டுக்குக் கீழே இன்னும் இவ்வளவு எழுதியிருக்கே, என்னாம்மா அது என்று கேட்பார். உங்கள் விலாசம் என்று சொல்லிவிடுவேன்.