மில்லிமீட்டரு அளந்த மழை

எங்க கரிசக்காட்டுல பொய்யே சொல்லாத ஒரே ஆளு மில்லிமீட்டருதான். எங்களக் கெடுத்ததும் அதே ஆளுதான்.

நெசப் பேரு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. பரளச்சி போற பஸ்ஸு நின்னு போற எங்க ஊர்ல ஒரு அரசாங்க ஆபீஸு. எந்த ஆபீஸுன்னு நோண்டாதீக. அது பின்னாடி காம்பவுண்டுல முழங்கால் உயரத்துக்கு ஒரு தகர உருளை நட்டிருக்கும். மழைமானி. தெனம் காலைல எட்டரைக்கு அதத் தொறந்து, உள்ள விழுந்த தண்ணிய கண்ணாடிக் குழாய்ல ஊத்தி, எத்தன மில்லிமீட்டருன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். இவரு வேல அதான்.

நல்லாருக்குல்ல? மழைங்கிறது எங்க ஊருக்கு ஐப்பசில எட்டிப் பாத்துட்டு காபி கூட குடிக்காமப் போற சொந்தக்காரன். மிச்ச நாளெல்லாம் வெயிலு. மனுசன் அதுக்கெல்லாம் அசர மாட்டாரு. சித்திர மாசம், காக்காயெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கும். இவரு குடையும் கையுமா வந்து மானியத் தொறப்பாரு. ஒரு பல்லி வெளிய ஓடும். காலிக் குழாயக் கண்ணுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, ஒத்தக் கண்ண மூடிப் பாத்து, "சைபர்"ம்பாரு.

"ஏன் சார், வெயில்ல என்னத்த அளக்குறீக?"

"இல்லங்கிறதையும் அளந்துட்டுத்தான் தம்பி சொல்லணும்."

டீக்கடைக்கு எவனாச்சும் தொப்பலா நனைஞ்சு ஓடி வந்து, "அண்ணே, செம மழை! ஊரே மெதக்குது!"ன்னா, டம்ளர்லேருந்து வாய எடுக்காம "மூணு புள்ளி ரெண்டு"ம்பாரு. அவ்வளவுதான். நனைஞ்சவன் மொகம் செத்துப் போகும்.

ஒரு பங்குனில மானிக்குள்ள நெசமாவே தண்ணி. தெருவே கூடிருச்சு. மோந்து பாத்தாரு. "மழை இல்லய்யா. நாயி." சும்மா கொட்டிட்டுப் போயிருக்கலாம்ல? குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல 'நாய்'னு எழுதிட்டாரு. மேலேருந்து வெளக்கம் கேட்டு லெட்டர் வந்துச்சு. நாயோட கலரு, அது வந்து போற நேரம் எல்லாம் போட்டு ரெண்டு பக்கம் பதில் எழுதுனாரு.

சிரிப்பு அத்தோட சரி.

நான் அப்ப அருப்புக்கோட்டைல காலேஜ் ரெண்டாவது வருசம். எங்க விவசாயம் என்னன்னா, காஞ்ச புழுதில வெதையப் போட்டுட்டு வானத்தப் பாக்குறது. அந்த வருசம் அப்பா கொத்தமல்லியும் பருத்தியும் போட்டாரு. மில்லிமீட்டருக்கும் அங்கன கொஞ்சம் காடு, அவரும் மல்லிதான். பாதிய எறும்பு தின்னுச்சு. முளைச்சது கருகுச்சு. மேகம் வராம இல்ல. கருகருன்னு தெரண்டு வரும், எங்க தலைக்கு மேல நின்னு, பஸ்ஸு மாறி அடுத்த தாலுகாவுக்குப் போயிரும்.

வீட்ல ரெண்டு காள மாடு. எலும்பு எண்ணலாம். ஊரு வறட்சி லிஸ்ட்டுல வந்தா வைக்கோல் குடுப்பாக, மாடு தப்பிக்கும். வரலைன்னா அடிமாட்டுக்கு கேரளா லாரி. லிஸ்ட்டுல சேக்க மேல உள்ளவுக பாக்குறது மில்லிமீட்டரு எழுதுற நம்பர மட்டும். சுத்தியிருக்கிற அத்தன காட்டுக்கும் அந்தத் தகர டப்பாதான் சாட்சி.

"மழை வந்தா பயிரு. வராட்டி லிஸ்ட்டு. ரெண்டுல ஒண்ணு எங்க போயிரும்?"னு அப்பா தெம்பாத்தான் இருந்தாரு.

அதுக்குள்ள ஊர்ல கொடும்பாவி இழுக்கணும்னு முடிவாச்சு. ஊரு பாவத்துக்கெல்லாம் ஒரு பொம்மை கட்டி, தெருத்தெருவா இழுத்து, பொம்பளைக மாரடிச்சு அழுது, கடைசில காஞ்ச கம்மாய்க்குள்ள கொண்டு போயி எரிக்கணும். அப்ப மழை எறங்கும். வைக்கோல் இருந்தா மாட்டுக்குல்ல போட்டிருப்போம்? அதனால கருவேலஞ் செத்தையிலயும் கிழிஞ்ச சாக்குலயும் கட்டுனோம். நாந்தான் அதுக்கு அச்சு மில்லிமீட்டரு மாதிரி ஒரு ஒடஞ்ச மூக்குக் கண்ணாடிய மாட்டி, கைல குடையச் செருகுனேன். "சைபர் சைபர்னு எழுதித்தான்டா இந்தாளு மழைய வெரட்டுறான்! கம்மாய்க்கு எதுக்கு, ஆபீஸு வாசல்ல எரிப்போம்!" காலேஜ் மூளை. பசங்கெல்லாம் விசிலடிச்சானுக.

மில்லிமீட்டரு வெளிய வந்து பொம்மையச் சுத்திப் பாத்தாரு. "மூக்கு சரியில்ல"ன்னாரு. அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டு, "கம்மாயிலயே எரிங்கய்யா. இங்கன வேணாம், மானிக்குள்ள சாம்பல் விழும்"னாரு. எவன் கேட்டான்? அங்கனயே கொளுத்துனோம்.

மூணாம் நாள் சாயங்காலம் மழை. போர்வ அகலத்துக்கு ஒரு மேகம், ஆபீஸுக்கு நேர் மேல நின்னு முக்கா மணி நேரம் ஊத்துச்சு. தெருவுக்கு அந்தப் பக்கம் மொட்ட மாடில மொளகா வத்தல் காஞ்சுக்கிட்டுக் கெடக்கு! காட்டுப் பக்கம் பொட்டுத் தண்ணி இல்ல.

நானும் அப்பாவும் காட்டுல நிக்கிறோம். மில்லிமீட்டரு தலையெல்லாம் தண்ணி சொட்ட நடந்து வாராரு. அப்பாவுக்கு வந்துச்சே கோவம். "யோவ், எங்க மழைய நீரு நனைஞ்சுட்டு வாரீரா?" அவரு குனிஞ்சு வெரலால மண்ணக் கீறிப் பாத்துட்டு அடுத்த காட்டுக்குப் போயிட்டாரு. "கொழுப்புப்பா"ன்னேன் நான்.

மறுநா எட்டரைக்கு முன்னாடியே மானியச் சுத்தி ஊரே நிக்குது.

"சார், கீழ கொட்டிருங்க. காடு காஞ்சு கெடக்குறத நேத்து நீங்களே பாத்தீக"ன்னாரு அப்பா.

"பாத்தேன்யா. மானில இருக்கே."

"அப்ப எம் மாடு மானியத் திங்குமா?"

குழாயக் கண்ணுக்கு நேராத் தூக்குனாரு. ரெண்டு தடவ அளந்தாரு. "அறுபத்தெட்டு."

"உங்க மல்லியுந்தான கருகிக் கெடக்கு! வெக்கமா இல்ல சார்?"னு கத்துனேன்.

"பெஞ்ச அன்னைக்குப் பெஞ்சதுன்னு எழுதுனாத்தான் தம்பி, நான் எழுதுன சைபர எவனும் நம்புவான்."

நம்புனாக, நல்லா நம்புனாக. அந்த அறுபத்தெட்ட மட்டும் நம்புனாக. லிஸ்ட்டு வந்துச்சு, எங்க ஊரு இல்ல. லாரி கெளம்புறப்ப அப்பா மாட்டப் பாக்கல, வானத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. பக்கத்து வீட்டு பேச்சியக்காதான் போட்டு ஒடச்சா: "கம்மாயில எரிக்கிறத ஆபீஸு வாசல்ல எரிச்சா மழை அங்கனதான்டா பெய்யும்! சாமிக்கு அட்ரஸ மாத்திக் குடுத்தவன் எவன்?" எல்லாரும் என்னையப் பாத்தாக. நான் மில்லிமீட்டரத் திட்டுனேன். அது லேசு.

அதுக்கப்புறம் டீக்கடைல அவருக்கு டீ இல்ல. பேச்சும் இல்ல. ரிட்டயராகி, ரெண்டே வருசத்துல செத்தும் போனாரு. எழவுக்கு நான் போகல.

போன மாசம் ஒரு சர்டிபிகேட்டுக்காக அந்த ஆபீஸ்ல காத்துக் கெடந்தேன். மூலைல பழைய ரிஜிஸ்டருக. சும்மா பொரட்டுனேன். அந்தத் தேதி. 68.0. குறிப்புக் கட்டம் பத்தாம ஓரமெல்லாம் பொடிப் பொடியா எழுதியிருக்கு. 'ஆபீஸில் மட்டும் பெய்தது. காடுகளில் நடந்து பார்த்தேன்.' கீழ ஒவ்வொரு காட்டுக்காரன் பேரு, பக்கத்துல 'ஈரமில்லை'. கடைசியாத்தான் அவரு காடு. மேல ஒருத்தனும் படிச்சிருக்க மாட்டான். நாய்க்கு வெளக்கம் கேட்டவனுக இதுக்குக் கேக்கல.

எங்க அப்பா பேருக்கு நேரா மட்டும் கூட ரெண்டு வார்த்த: 'மாடு பட்டினி.'

நேத்து ஊர்லேருந்து பேச்சியக்கா மகன் போன் பண்ணான். "செம மழைண்ணே, ஊரே மெதக்குது!"

"எத்தன?"ன்னு கேட்டேன்.

"என்னது எத்தனண்ணே?"ன்னான். அதச் சொல்றதுக்கு அங்க இப்ப ஆளு இல்ல.