அம்பாள் இருமினாள்

மயிலாப்பூருக்கு மூன்று மாதம் வாய்ப்பூட்டுப் போட்ட மகான் ஒருவர் இருந்தார்.

யுத்த காலம் அது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். ரேஷன் இல்லாத சரக்கு ஒன்றே ஒன்றுதான்: ராகச் சண்டை. ஒரு வீட்டில் யாராவது முனகினால் போதும், எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக "பைரவி" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "போமய்யா, முகாரி" என்பார். காப்பி ஆறிப்போகும், சண்டை ஆறாது. அப்பேர்ப்பட்ட ஊர், ராகம் என்ற பேச்சையே எடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தது. எல்லாம் நாதானந்த சுவாமிகளின் கருணை.

சுவாமிகள் இமயமலையிலிருந்து வந்ததாகச் சொன்னார். இமயமலையிலிருந்து வருகிறவரிடம் ரயில் டிக்கெட்டைக் காட்டு என்று யார் கேட்பது? லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைப் பிடித்து, 'நட்சத்திர நாத சாந்தி நிலையம்' என்று பலகை மாட்டினார். படபடப்பா? தூக்கம் இல்லையா? விமான அபாயச் சங்கு ஊதினால் வயிறு கலங்குகிறதா? வா, மகனே! அவ்வளவுதான். மாம்பலத்திலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்தார்கள். அடையாற்றிலிருந்து ஜட்காவில் வந்தார்கள். படிக்காதவர்கள் வெளியே நின்றார்கள்; பி.ஏ. படித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மூடத்தனத்திலும் மரியாதை முக்கியம் அல்லவா?

வைத்தியம் எளிது. நட்சத்திரத்தைச் சொன்னால், சுவாமிகள் பட்டுத் திரைக்குப் பின்னால் போய் அதற்கென்று ஒரு கிராமபோன் பிளேட்டை எடுத்து வருவார். அதன் நடுவில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் சிவப்பு மையால் நட்சத்திரத்தின் பெயர் எழுதியிருக்கும். கதவைச் சாத்தி, அந்த ஒருவருக்கு மட்டும் போட்டுக் காட்டுவார். பாதிப் பாட்டில் 'க்கும்' என்று ஓர் இருமல் கேட்கும்.

"கேட்டாயா? அது பாடகியின் இருமல் என்றா நினைத்தாய்? உன் துன்பத்தை அம்பாள் விழுங்குகிறாள், அப்பனே! தொண்டையில் சிக்குகிறது. உன் நட்சத்திரக்காரனுக்கு மட்டுமே அது கேட்கும்."

கேட்டவர் கண்ணீர் விட்டார். பதினொரு ரூபாயும் விட்டார். கடையில் பிளேட்டு மூன்று ரூபாய்தானே என்கிறீர்களா? கடைப் பிளேட்டில் அம்பாளா இருமுகிறாள்?

பிறகு வந்தன நிபந்தனைகள். பிறர் காதில் பாட்டு விழக்கூடாது. இன்ன ராகம் என்று வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால், உபதேச மந்திரத்தை ஊருக்குச் சொன்ன பாவம். வெள்ளிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்குப் பிளேட்டைக் கொண்டுவந்து சக்தி ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்குத் தட்சணை தனி.

சித்திரக்குளத்துக்கு அருகில் குடியிருந்த ஜானு இந்தக் கூத்தையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் கணவர் வேதாந்தம் 'ரோகிணி' பிளேட்டோடு வீடு வந்து சேர்ந்தார். மனிதர் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் போதிப்பவர். பையன்களைப் பார்த்து "ஆதாரம் எங்கே?" என்று கர்ஜிப்பவர். ஆனால் துறைமுகத்துப் பக்கம் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன நாள் முதல், அவருக்குச் சங்கு என்றால் சிம்ம சொப்பனம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊதுவது வெறும் ஒத்திகைச் சங்குதான். அது அவருக்கும் தெரியும். அவருடைய நெஞ்சுக்குத்தான் தெரியவில்லை. பாவம், உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துக் கொட்டும்.

பாட்டு கேட்டால் அமைதியானார். பொய் சொல்வானேன், நிஜமாகவே ஆனார். அதோடு விட்டாரா? நாளுக்கு இருபது தரம் கிராமபோன் மெஷினுக்குச் சாவி கொடுத்தார். பிளேட்டு கீறிவிடுமோ, ஊசி தீர்ந்துவிடுமோ என்று புதிதாக இன்னொரு படபடப்பு வந்தது. சுவாமிகளிடம் ஓடினார்.

திரும்பி வந்தவர் ஜானுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஜானு, நம்மாத்துல வேற நட்சத்திரத்து நாதம் ஒண்ணு முரண்டு பண்றதாம். அதான் எனக்குக் குணமாகலையாம். உன் வீணைதான் காரணமாம். வர வெள்ளிக்கிழமை நிலையத்துல சமர்ப்பிச்சுடணும்னு சொல்லிட்டார்."

ஜானு எழுந்துபோய் வீணையைத் தொட்டாள். பிள்ளை இல்லை என்று உறவுக்காரிகள் குத்திய நாளிலும், தந்தி வந்து அம்மா போன செய்தி தெரிந்த நாளிலும் அவள் சாய்ந்துகொண்டது அந்த வீணையின் மேல்தான். அதைக் கேட்கிறான் ஒரு தாடிக்காரன். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் அதிகமாக வந்தது.

மறுநாளே மெஷினின் ஸ்பிரிங் 'டப்' என்று அறுந்தது. இருபது தரம் முறுக்கினால் இரும்புக்கும் படபடப்பு வராதா? வேதாந்தம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிளேட்டை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, மெஷினை ரிப்பேருக்கு அனுப்பினார். பாத்திரம் தேய்க்கும் முத்தம்மா அதைத் தலையில் தூக்கிக்கொள்ள, ஜானு அவளோடு டிராம் ஏறித் திருவல்லிக்கேணிக்குப் போனாள். அங்கே ஷாஹுல் ஹமீது கடை வைத்திருந்தார். கிராமபோனுக்கு உயிர் கொடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர்.

"ஸ்பிரிங் பூட்ச்சும்மா," என்றார் அவர், மெஷினைத் திறந்து பார்த்து. "இன்னாமோ தெர்ல, உங்க மயிலாப்பூருக்கு இன்னா ஆச்சு? இந்த மாசத்துல இது ஆறாவது மெஷினு. முன்ன வந்த அஞ்சும் பிளேட்டோட வந்துச்சு, அதே ஒடைசல், அதே பாட்டு."

"என்ன பாட்டு பாய்?"

"இதோ, மந்தைவெளி வக்கீல் சுந்தரராமன் ஊட்டு மெஷினு. பிளேட்டோட அனுப்ச்சிட்டாரு. கேளுங்க."

'மகம்' என்று எழுதிய பிளேட்டு சுழன்றது. ஒரு பெண்குரல், தொட்டிலை ஆட்டுவது போன்ற மெதுவான பாட்டு. ஜானுவுக்கு முதல் அடியிலேயே தூக்கிவாரிப் போட்டது. நீலாம்பரி! சாத்திய கதவைத் தாண்டி தினம் இருபது தரம் அவள் காதில் விழுந்த அதே பாட்டு. காதுக்குத் தாழ்ப்பாள் ஏது? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாதிப் பாட்டில், "க்கும்."

"இருமறதே!" என்று கூவிவிட்டாள்.

"அஞ்சுலயும் இருமுதும்மா. மெஷின் கோளாறோன்னு நான்கூட ரெண்டு நாளு தலைய பிச்சிக்கினேன்."

ஷாஹுல் ஹமீதுக்கு நட்சத்திரம் தெரியாது, நிபந்தனை தெரியாது. ரிப்பேர்காரர் காதுக்கு விரதம் விதிக்கச் சுவாமிகள் மறந்துவிட்டார். மஞ்சள் காகிதத்தின் ஓரம் தானாகவே கிளம்பியிருந்தது. அவர் அதை விரல் நுனியால் தூக்கிக் காட்டினார். அடியில் கம்பெனி அச்சிட்ட பழைய லேபிள்: 'தாலாட்டு. நாடகப் பாட்டு.'

"இது விக்காத சரக்கும்மா. நடுவுல இருமுற பிளேட்ட யாரு வாங்குவா? கம்பெனி குடோன்ல கட்டு கட்டா தூங்கிக்கினு கெடந்துச்சு. நாலு மாசம் முன்ன ஒரு தாடிக்காரரு மொத்தமா அள்ளிக்கினு போனாருன்னு சொன்னாங்க."

முத்தம்மா மூக்கில் விரல் வைத்தாள். "அடப் பாவி! இருமல வித்து வவுறு வளக்கிறானே!"

ஜானு வீட்டுக்கு ஓடிவந்து கணவரிடம் கொட்டினாள். தர்க்க சாஸ்திரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ கேட்டதே தோஷம். தோஷக் காதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்கும். ஸ்வாமிகள் அன்னைக்கே சொன்னார்."

எப்படி வாதம்? இதற்கு மேல் ஆதாரம் காட்ட வேண்டுமானால் ஊர் நடுவில்தான் காட்ட வேண்டும். ஜானு முத்தம்மா மூலம் திருவல்லிக்கேணிக்குச் சொல்லி அனுப்பினாள்: "எங்காத்து மெஷினையும் வக்கீலாத்து மெஷினையும் வெள்ளிக்கிழமை நிலையத்துக்கே கொண்டு வந்துடுங்கோ பாய்."

வெள்ளிக்கிழமை. கூடம் நிறைய ஜனம். மடிமடியாகப் பிளேட்டைச் சுற்றிய பட்டுத்துணிப் பொட்டலம். சுவாமிகள் புலித்தோலில் வீற்றிருந்தார். வீணையைக் கண்டதும் அவர் கண்ணில் ஞான ஒளி வீசியது.

"கொண்டு வா, மகளே!"

"கொடுக்கறேன் ஸ்வாமி," என்றாள் ஜானு. வீணையை மட்டும் விடவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். ரோகிணியையும் மகத்தையும் சேர்த்து வெச்சா என்ன ஆகும்?"

"விபரீதம்! இரு நாதங்களும் மோதும்! செவிப்பறை கிழியும்! இந்தக் கூரை நிற்காது!"

வாசலில் இரண்டு மெஷினோடு நின்ற ஷாஹுல் ஹமீது தயங்கினார். முத்தம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கூர உயுந்தா நான் தாங்கிக்கிறேன், நீ வெய்யி பாய்!"

"ஜானு, வேண்டாம்டி!" என்றார் வேதாந்தம்.

"நீங்கதானே பசங்களைக் கேப்பேள், ஆதாரம் எங்கேன்னு? இங்கே இருக்கு. அந்தப் பிளேட்டைக் கொடுங்கோ."

கூடமே பார்த்தது. தர்க்க சாஸ்திரி கொடுத்துவிட்டார். வக்கீலின் மகம் ஏற்கெனவே மற்ற மெஷினில் இருந்தது. ஷாஹுல் ஹமீது இரண்டுக்கும் சாவி கொடுத்து, இரண்டு கையாலும் இரண்டு ஊசியையும் ஒரே நேரத்தில் இறக்கினார். இருநூறு பேர் காதில் விரலை விட்டுக்கொண்டார்கள். நாலு பேர் தெருவுக்கே ஓடினார்கள்.

கூரை நின்றது.

இரண்டு மெஷின், ஒரே குரல். மயிர் இழை பின்தங்கி வந்த ரோகிணியை, ஷாஹுல் ஹமீது தட்டின் வேகத்தைத் திருகி இழுத்துச் சேர்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து வெளியே வந்தன. முன்வரிசையில் வக்கீல் சுந்தரராமனின் தலை ஆட ஆரம்பித்தது. உதடு துடித்தது. மூன்று மாத விரதம்! மயிலாப்பூர்க்காரர் எத்தனை நாள்தான் தாங்குவார்?

"நீலாம்பரி!" என்று அலறினார். "சுத்த நீலாம்பரி! எனக்கு நீலாம்பரி!"

"எனக்கும் நீலாம்பரிதான் ஓய்!"

"எனக்கும்! நான் சுவாதி!"

அப்போது இரண்டு மெஷினும் சேர்ந்து இருமின. "க்கும்."

"அது என் இருமல்!" என்று எழுந்தார் ஒரு மாம்பலத்துக்காரர். "இல்லை, என்னது!" என்றாள் அடையாற்று அம்மாள். ஒட்டிய காகிதத்தை நனைக்க ஈரத்துண்டு கைமாறியது. மஞ்சள் காகிதம் உரிந்தது. பரணியின் அடியில் தாலாட்டு, பூசத்தின் அடியில் தாலாட்டு, மூலத்தின் அடியிலும் அதே தாலாட்டு.

சுவாமிகள் லேசுப்பட்டவரா? கையை உயர்த்தினார். "மூடர்களே! அம்பாள் ஒருத்தி. அவளுக்குத் தொண்டையும் ஒன்று. இருமலும் ஒன்றாகத்தானே இருக்கும்?"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. ஐயோ, யோசித்ததே!

"அப்போ இருபத்தேழு பிளேட்டு எதுக்கு ஸ்வாமி?" என்றாள் ஜானு.

இமயமலைக்காரருக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. "பூஜைக்கு நேரமாயிற்று" என்று சுவாமிகள் திரைக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். முத்தம்மா திரையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். பின்னால் அம்பாள் இல்லை. ஊரார் சமர்ப்பித்த நாலு வீணை, மூன்று பிடில், ஓர் ஆர்மோனியம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் விலைச்சீட்டு.

அந்த நேரம் பார்த்துப் பத்து மணி. ஒத்திகைச் சங்கு ஊளையிட்டது. வழக்கமாக ஒன்பதரைக்கே கடையைக் கட்டிவிடும் சுவாமிகள் இன்று மாட்டிக்கொண்டார். "ஐயையோ, குண்டு!" என்று அலறிக்கொண்டு புலித்தோலுக்கு அடியில் புகுந்தார். இருநூறு பேருக்குச் சாந்தி வழங்கிய மகான்! பாதம் மட்டும் வெளியே நடுங்கியது.

"சாமி, உன் நட்சத்திரம் இன்னா? ஒரு பிளேட்டு வெய்யட்டா?" என்றாள் முத்தம்மா.

கூடம் குலுங்கிச் சிரித்தது. வேதாந்தம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வியர்த்தது, கை நெஞ்சுக்குப் போனது. ஜானு தரையில் உட்கார்ந்து வீணையை மடியில் சாய்த்தாள். அவள் வாசித்தது நீலாம்பரி இல்லை. அவளுடைய அம்மா அடுக்களையில் முணுமுணுக்கும் ஏதோ ஒரு மெட்டு. சங்கு ஓயும்வரை வாசித்தாள். அவர் கை மெல்ல இறங்கியது.

"ஜானு, இது எந்த நட்சத்திரத்துக்கு?" என்றார் அவர், பழக்க தோஷத்தில். கேட்டதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"உங்களுக்கு," என்றாள்.

ஷாஹுல் ஹமீது மெஷினை மூடிக்கொண்டே சிரித்தார். "சார், தெனம் ரெண்டு தரத்துக்கு மேல சாவி கொடுக்காதீங்க. நல்ல ஸ்பிரிங்கு போட்டிருக்கேன்."

போலீஸ்காரர் வந்து தாடியைப் பிடித்துப் பார்த்தபோது அது கையோடு வந்துவிட்டது. இமயமலையிலிருந்து வந்தவருக்குக் காட்பாடியைத் தாண்டியே பழக்கமில்லையாம்.

மயிலாப்பூரில் அன்று மாலையே ராகச் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. சந்தோஷம். ஆனால் மந்தைவெளியில் ஒருவர் வேப்பிலையை முகர்ந்தே ஜாதகம் சொல்கிறாராம். கூட்டம் இப்போது அங்கே. நல்ல பாட்டு மனத்தை ஆற்றும், ஐயா. அதற்கு ரோகிணி வேண்டாம், மகம் வேண்டாம். இரண்டு காது போதும். அந்த இரண்டு காதுக்கும் நடுவே ஒன்று இருக்கிறதே, எப்போதாவது அதற்கும் கொஞ்சம் சாவி கொடுத்துப் பாருங்கள். அதன் ஸ்பிரிங் அவ்வளவு சுலபத்தில் அறுந்துவிடாது.