இடுக்கிக்கு மஞ்சள் வைத்த ஆயுத பூஜை

சந்தோஷம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. (கோபம் வந்தாலும் அப்படித்தான் என்பார்கள் வீட்டில். அது வேறு கதை.) இன்று என் ஆய்வகத்தில், "அவசரப்படாதே, இன்னொரு தடவை பார்" என்று மாணவர்களை அதட்டிக்கொண்டிருப்பவள் நான். அந்த அதட்டலுக்கான தகுதியை எப்படிச் சம்பாதித்தேன் என்று அவர்களுக்கு முழுதாகத் தெரியாது.

அப்போது முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தினமும் சென்னைப் பக்கம் பஸ். ஆராய்ச்சி, டென்ட்ரிடிக் செல்களைப் பற்றி. நம் உடம்பின் காவல்காரர்கள் இவை. சும்மா இருக்கும்போது தூக்கக் கலக்கத்தில் சுற்றும். கிருமி ஏதாவது அகப்பட்டால் விழித்துக்கொண்டு, கிளை கிளையாகக் கையை நீட்டி, ஓடிப்போய் மற்ற செல்களிடம் அந்த அந்நியனைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மருந்தைக் கொடுத்து இவற்றை எழுப்புவது என் வேலை. விழித்த செல்லில் நன்றாக ஒட்டுகிற ஒரு சாயம் உண்டு. நீல வெளிச்சத்தில் அது பச்சையாக ஒளிரும்.

என் செல்கள் ஒளிரவே இல்லை. மாதக்கணக்காக அடித்துப்போட்ட மாதிரி தூங்கின. ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் ஆய்வுக் குழு கூடுகிறது, அதற்குள் எதுவும் எழாவிட்டால் இந்தத் தலைப்பையே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று என் வழிகாட்டி மேடம் எச்சரித்திருந்தார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அப்பாவின் தறிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. குறுக்கு நூல் ஓட்டும் நாடா, கத்தரி எல்லாம் பலகையில் வரிசையாக உட்காரும். அந்த வருடம் அம்மா என்னிடம் கேட்டாள்.

"உன் ஆயுதம் எங்கமா? நீயும் வேலை செஞ்சினுதானே இருக்கே?"

மைக்ராஸ்கோப்பையா பஸ்ஸில் ஏற்ற முடியும்? மெல்லிய கண்ணாடித் தகட்டை எடுத்து வைக்கிற என் இடுக்கியைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். (புருவம் திருத்துகிற சாமான் மாதிரி இருக்கும். இதற்கா இத்தனை வருடம் படித்தாய் என்பதுபோல் அம்மா பார்த்தாள்.) அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டவோ என்னவோ, மஞ்சளைத் தாராளமாகக் குழைத்து இடுக்கு விடாமல் பூசினாள்.

மறுநாள் விஜயதசமி. ஆய்வகத்துக்கு விடுமுறை. நல்ல நாளில் தொடங்குவோமே என்று நான் மட்டும் போனேன். சாயம் ஏற்றிய செல்கள் தயாராக இருந்தன. ஒரு சொட்டுத் திரவம் விட்டு மெல்லிய கண்ணாடியால் மூடுவது ஒன்றுதான் பாக்கி. இடுக்கியைக் காகிதத்தால் துடைத்தேன். ஸ்பிரிட்டில் கழுவியிருக்க வேண்டும். கை புட்டிவரை போகவும் செய்தது. அம்மா பூசிய பூஜை மஞ்சளை, அதுவும் விஜயதசமி அன்று, ஸ்பிரிட் ஊற்றிக் கழுவுவதா? மனசு கேட்கவில்லை. மேலாகத் துடைத்தது போதும் என்று விட்டுவிட்டேன்.

மைக்ராஸ்கோப் அறை எப்போதும் இருட்டாக இருக்கும். வெளியே பகலா, மழையா, ஒன்றும் தெரியாது. விசிறியின் மெல்லிய இரைச்சல் மட்டும். நீல விளக்கைப் போட்டுக் கண்ணை வைத்தேன்.

பச்சை. எங்கு பார்த்தாலும் பச்சை. கும்மிருட்டில் ஒவ்வொரு செல்லும் கையை விரித்துக்கொண்டு மிதந்ததாகவே எனக்குப் பட்டது. நட்சத்திரங்களின் நடுவே நானும் எடையில்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, கழுத்து வலித்தபோதுதான் எனக்குக் கழுத்து இருப்பதே ஞாபகம் வந்தது. மருந்து கொடுக்காத செல்கள் இருந்த கண்ணாடியும் பக்கத்திலேயே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அதே இடுக்கியால் நானே மூடி வைத்தது. அதைப் பார்க்கவில்லை. இவ்வளவு அழகான ஒன்று பொய்யாக இருக்குமா என்ன?

படம் எடுத்து, ஊருக்குப் போயிருந்த மேடத்துக்கு அனுப்பினேன். குழு முன்னாலேயே காட்டிவிடலாம் என்று பதில் வந்தது. அதே படத்தை அப்பாவுக்கும் அனுப்பினேன். புடவை பார்டர் மாதிரி கொடி அழகாக ஓடுகிறது என்றார். வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து பாதிக் கண் மூடி, எனக்கு நானே மாலை போட்டு, ராஜ வீதியில் ஊர்வலமும் விட்டுக்கொண்டேன். யானைகூட இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் தெருவே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் அப்பா அந்த நட்சத்திரத்தைக் கட்டத்தாளில் வரைந்து, அதன்படி அட்டையில் துளை அடித்துத் தறியில் ஏற்றி, மகளுக்கென்று கரும்பச்சையில் ஒரு புடவை தொடங்கிவிட்டார். பார்டர் முழுக்க என் செல்கள், ஜரிகையில்.

குழு கூடியது. மைக்ராஸ்கோப்பைப் பெரிய திரையில் இணைத்தார்கள். பச்சை நட்சத்திரங்களைப் பார்த்து குழுவில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேடம் மருந்து கொடுக்காத கண்ணாடியை வைக்கச் சொன்னார். வைத்தேன். அதுவும் அதே பச்சை. செல்லே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை இப்போதே மூடி வை என்றார். அதே இடுக்கியால் மூடி வைத்தேன். திரையில் பச்சைத் தூள் ஜொலித்தது.

"கோமதி, அந்த இடுக்கியைக் குடு" என்றார் மேடம். இரண்டு கம்பியும் சேரும் இடத்தைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "செல் எதுவும் எழுந்துக்கலமா. உங்க வீட்டு மஞ்சள்தான் எழுந்திருக்கு."

நீல வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

பேராசிரியர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பினாலோ என்னவோ, இன்னும் கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். வீட்டில் அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

"அப்போ அதுங்க இன்னும் தூங்கினுதான் இருக்குதா?"

"ஆமாம்பா."

அவர் பார்டரைத் தடவிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஒரு முழம் ஓடிடுச்சேமா, இனிமே நிறுத்த மாட்டேன். பொடவைய நான் நெய்ஞ்சிடுவேன். இத்தக் கட்டிக்கிற நாளை நீதான் கொண்டாரணும்."

புடவை முடிந்து பீரோவுக்குப் போனது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அம்மா அதை எடுத்துக் காட்டுவாள். எப்போது கட்டுவாய் என்று எல்லோரும் கேட்பார்கள். கல்யாணம் எப்போது என்று கேட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ரொம்ப நாள் கழித்து, மருந்தின் அளவை மாற்றியபோது, செல்கள் நிஜமாகவே எழுந்தன. பிரமாதமாக ஒன்றுமில்லை, சோம்பல் முறித்துக்கொண்டு, மங்கலாக. உடனே வெறும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாத, சுத்தமான இருட்டு. அதைவிட அழகான எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

வாய்மொழித் தேர்வு அன்று புடவையைக் கட்டினேன். புதுப் புடவைக்கு மஞ்சள் வைக்க வேண்டும் என்று அம்மா கிண்ணத்தோடு வந்தாள். நான் பதறி, இடுக்கி இருந்த பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

தேர்வு முழுக்க ஆங்கிலம். கடைசி வரிசையில் அப்பாவும் அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல், கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு மேடம் என் பார்டரைப் பார்த்தார். தமிழில் கேட்டார்.

"மஞ்சள் வச்சியா?"

"வச்சேன் மேடம்."

"எங்கே?"

"முந்தானையில மட்டும்தான் மேடம்."

அன்று அப்பாவுக்குப் புரிந்த கேள்வி அது ஒன்றுதான். அவர்தான் முதலில் கை தட்டினார். இன்றைக்கும் வீட்டில் புது வண்டியோ, மிக்சியோ வந்து அம்மா மஞ்சளைக் குழைத்தால், உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுப்பார்:

"முந்தானையில மட்டும்மா!"