கம்சாயினி அக்காவின் சீதன வீட்டு நுளம்புகள்

இல்லை, இந்தக் காய்ச்சல் எங்கள் வளவுச் சிரட்டைகளில் தேங்கிய தண்ணீரால் வந்ததல்ல. நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள். எதிர்த்துப் பேசக் கூச்சமாக இருந்தது, எழுதுகிறேன். கனடாப் பனியில் நலமாக இருக்கும் பெரியப்பாவுக்கு, வாவிக்கரையிலிருந்து தக்ஷாயினி. இங்கும் நலமே என்று எழுதப் பார்த்தேன். அம்மா டெங்கு வார்டில்.

உங்கள் மகள் கம்சாயினி அக்காவுக்குச் சீதனமாக நீங்கள் கட்டிய மாடி வீடு நல்ல அழகு. அக்காதான் முதலில் படியேற வேண்டும் என்று சாவியை ரொறன்ரோவில் வைத்திருக்கிறீர்கள். அக்கா வரவில்லை. மாரி மழை வந்தது. நீச்சல் குளம் நிரம்பியது. நுளம்புகள் குடிபுகுந்தன. பால் மட்டும் காய்ச்சவில்லை.

உங்கள் மாடி வீட்டு வீதிக்காரர்கள் கார்க் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் விடிந்ததும் அங்கே நடந்து போகிறார்கள், முற்றம் கூட்ட, மீன் வெட்ட. உங்களுக்கு அடுத்த வீட்டில் கூட்டுவது அம்மா. இது பகலில் கடிக்கிற நுளம்பு. கடி அங்கே, காய்ச்சல் இங்கே. காய்ச்சலோடு கிடந்த அம்மாவைக் கடித்த எங்கள் வீட்டு நுளம்பு அயல் வீடுகளுக்கும் போயிற்று. பார்க்க வந்த சின்னம்மா காய்ச்சலோடு பழுகாமத்துக்கு பஸ் ஏறினார். உங்கள் வீதியிலும் இருவருக்குக் காய்ச்சல்தான். தனியார் ஆஸ்பத்திரி, தனி அறை, வெளியே ஒரு பேச்சுமில்லை. எங்கள் ஒழுங்கை வாசலில் மட்டும் 'டெங்கு அபாயம்' என்று சிவப்புப் பதாகை.

சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

"எத்தின சிரட்ட, பாருங்க! உங்களுக்கெல்லாம் வழக்குப் போடணும்."

"அந்த மாடி வீட்டுக் குளத்தப் போய்ப் பாருங்களன் சேர்," என்றார் பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை மாமி.

"கேட் பூட்டிக் கிடக்குகா. நான் எப்பிடி உள்ள போற?"

"அப்ப நுளம்புக்கு ஆரு துறந்து விட்ட?"

அவர் சிரிக்கவில்லை. சிரட்டைகளைப் படம் எடுத்தார்.

நீங்களும் ஒரு வழி சொன்னீர்கள்: "கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி செய்யுங்க மனே." குளிர்த்திச் சடங்கு வைகாசியில், பெரியப்பா. நுளம்புக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அம்மா பிழைத்துவிடுவார் என்கிறார்கள். பிழைத்தால் திரும்பவும் அதே வீதிக்குத்தான் கூட்டப் போக வேண்டும். இரண்டாம் தரம் வந்தால் ஆபத்து என்று டொக்டர் சொன்னார். ஆகவே சாவியை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். படியேற மாட்டோம். பின்பக்கத்தால் போய்க் குளத்தை இறைத்துவிட்டு வந்துவிடுவோம். உங்கள் அனுமதி இல்லாமல் கேட்டில் கைவைக்க மாட்டோம்.

பெரியம்மாவுக்கும் அக்காவுக்கும் என் அன்பு. ஒரு நுளம்பும் அண்டாமல் நீங்கள் எல்லாரும் நீடு வாழ வேண்டும்.

தக்ஷாயினி

பி.கு.: சாவி அனுப்ப வேண்டாம். இதை எழுதி முடித்தபோது ஆச்சிப்பிள்ளை மாமிக்கும் காய்ச்சல் என்றார்கள். சுத்தியலால் பூட்டை உடைத்தேன். வயலுக்கு இறைக்கிற பம்பை எங்கள் ஒழுங்கைக் கேதீசன் அண்ணன் கொண்டுவந்தார். குளம் வற்றிவிட்டது. பிறகு அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.